முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை நான்தான்

செத்தவர் நாற்காலியில் உட்காரக் கூச்சப்படுகிற ஆள் நான் இல்லை. எங்களுடையது துணிக்கடைக் குடும்பம். நொடித்துப்போன கடையின் அலமாரியைக் காலையில் இறக்கி, மாலைக்குள் அதில் எங்கள் சரக்கை அடுக்கி, "பரம்பரை அலமாரி" என்று சொல்லி வியாபாரம் பண்ணியவர்கள். மரத்துக்கு ஞாபகம் கிடையாது என்பார் அப்பா. அந்த ஆபீஸில் எனக்குக் கொடுத்த நாற்காலிக்கு இருந்தது. இடப்பக்கம் இரண்டு விரல் அளவு சாய்ந்திருந்தது. ஒன்பது வருஷம் ஒருவர் இடது முழங்கையை ஊன்றி யோசித்த சாய்வு. நான் வலப்பக்கம் சாய்கிறவன். முதல் வாரம் முழுக்க எனக்கும் அவருக்கும் இடுப்பளவில் ஓர் இழுபறி நடந்தது.

அவரைக் கஞ்சண்ணன் என்பார்கள். காசில் கஞ்சம் இல்லை, வரிகளில்தான். இணையப் பக்கங்களுக்கு நிறம், அளவு, இடைவெளி எல்லாம் சொல்லும் ஸ்டைல் ஷீட் எழுதுவது அவர் வேலை. இப்போது என் வேலை. ஒரே வரியை இரண்டாம் முறை எழுதினால் விரல் தேய்ந்துவிடும் என்கிற மாதிரி எழுதியவர். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போனவர், காத்திருக்கும் பெஞ்சிலேயே போய்விட்டார். பல் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். டாக்டர் இரண்டு தடவை சத்தியம் பண்ணினாராம்.

ஆபீஸ் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் அறை. மூன்று பேர். முதலாளியை நாங்கள் "நேத்தே" என்போம். எந்த வேலையையும் எப்போது வேண்டும் என்று கேட்டால் அவர் சொல்கிற பதில் அதுதான். இரண்டாவது ஆள் நான். மூன்றாவது, ஜன்னலோரம், பதினாலு பழைய செல்போன்கள் கிடக்கும் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அக்கா. நாங்கள் செய்கிற பக்கங்களை அந்தப் போன்களில் திறந்து குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. கஞ்சண்ணனின் மனைவி.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். என் மேஜைக்கு அடியில் அவருடைய பழைய கணினி ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் எழுதுவதை எல்லாம் வாங்கி, போன்கள் படிக்கிற இறுதி ஃபைலாக மாற்றி வெளியே அனுப்புவது அதுதான். புது ஃபைல் உருவாகும்போது அதன் விசிறி வேகமெடுத்து, நீளமாக ஒரு மூச்சு விட்டு அடங்கும். மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: "அணைக்காதே. நான் வந்து பார்க்கிறேன்." யாரும் அணைக்கவில்லை. அது என் கணுக்காலில் சூடாக மூச்சு விட்டபடி கிடக்கும், வளர்ப்பு நாய் மாதிரி.

ஒரு திங்கட்கிழமை, நாங்கள் படகு நேரப் பக்கம் செய்துகொடுத்திருந்த படகுத்துறையின் மேனேஜரம்மா போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டார் நேத்தே.

"உங்க பக்கம் திறக்கறதுக்குள்ள எங்க படகு போயிடுது," என்றார் அந்தம்மா. "அந்தக் கரையில ஒரு கோடு சிக்னல்தான். ஜனங்க போனைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கறாங்க, சரணடையற மாதிரி. இருபது கே.பி.க்குள்ள அடக்குங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அப்போது எங்கள் ஸ்டைல் ஷீட் இருநூற்றுப் பதினாலு கே.பி.

"எம்பது," என்றேன் நான்.

"இருபதுன்னு தமிழ்லதான சொன்னேன்?"

"அம்மா, உங்க பக்கத்துல எத்தனை படகு, எத்தனை நேரம், எத்தனை அறிவிப்பு. இருபதுல பேரு மட்டும்தான் எழுதலாம். நேரம் வேணாமா?"

"இருபத்தஞ்சு."

"அறுபது. வாசல்ல நிக்கறவங்களை உள்ளே கூப்பிட்டு உக்கார வைக்க வேணாமா?"

"படகுல உக்காரட்டும், உங்க பக்கத்துல எதுக்கு உக்காரணும்? முப்பது. வெள்ளிக்கிழமை. அதுக்கு மேல ஒரு எழுத்து இருந்தாலும் வேணாம்."

முப்பதுக்கு முடிந்தது. நேத்தே என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். பேரம் பேசுகிறவன் பொருளை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். நான் இன்னும் ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை.

மத்தியானம் திறந்தேன். கஞ்சண்ணன் எழுதிய மூலம் கைக்கடக்கமாக, அழகாக இருந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு மிக்சின். அதாவது, திரையில் தெரியும் ஒரு பெட்டியின் ஓரம், நிழல், எழுத்தளவு என்று இருபது வரிகளை ஒரே இடத்தில் எழுதி ஒரு பெயர் வைத்துவிடுவது. பிறகு எங்கே பெட்டி வேண்டுமோ அங்கே அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும். எழுதுகிறவனுக்கு ஒரு வரி மிச்சம். ஆனால் இறுதி ஃபைலில், கூப்பிட்ட ஒவ்வோர் இடத்திலும் அந்த இருபது வரியும் முழுசாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கடையில் ஒரு பையன் இருந்தான். சாம்பிள் காட்டச் சொன்னால் ஒவ்வொரு ஆளுக்கும் முழு ரோலையும் உருட்டி விரிப்பான். கஞ்சண்ணனின் கஞ்சத்தனம் எல்லாம் அவர் கைக்குத்தான் மிச்சம். வெளியே போனது ஊதாரித்தனம்.

இறுதி ஃபைலைத் திறந்து கீழே உருட்டியபோதுதான் அதைப் பார்த்தேன்.

"1. நான்தான்."

இருபது வரி கழித்து, "2. நான்தான்." மறுபடி இருபது வரி. "3. நான்தான்."

கை தானாக உருட்டிக்கொண்டே போனது. நாற்பது. நூற்றுப் பத்து. இருநூற்று ஆறு. வெளியே நல்ல வெயில், கீழே கண்ணாடிக் கடையில் யாரோ எழுத்துப் பலகையைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புறங்கழுத்தில் மயிர் நட்டுக்கொண்டது. கடைசி: "312. நான்தான்."

காரணம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. மிக்சினுக்குள்ளேயே, திரையில் தெரியாத ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். கூடவே ஓர் எண்ணிக்கை. யார் எப்போது கூப்பிட்டாலும் ஒன்று கூடும். சாதாரணக் குறிப்பாக இருந்திருந்தால் ஃபைலைச் சுருக்கும்போது உதிர்ந்துபோயிருக்கும். அவர் அதன் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அது இருந்தால் சுருக்கினாலும் குறிப்பு போகாது. அதிலும் தமிழ் எழுத்து. ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தைப் போல மும்மடங்கு எடை. ஒரு "நான்தான்" எண்ணோடு சேர்த்து முப்பத்தாறு பைட். செத்தவர் பதினோரு கே.பி. பேசிக்கொண்டிருந்தார். நான் வந்த பிறகு புதிதாகச் செய்த ஏழெட்டுப் பெட்டிகளிலும் அவர்தான் பேசியிருந்தார், என் வழியாக.

ஜன்னலோரம் பார்த்தேன். அக்கா ஒரு போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், இதையெல்லாம் அவளிடம் எதற்குச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். சத்தமில்லாமல் எடுத்துவிடலாம்.

வழி சுலபம்தான், பொறுமைதான் வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் பொதுவான பங்கை ஒரே ஒரு தடவை வெளியே எழுதி, அதன் தலையில் பெட்டிகளின் பெயர்களை வரிசையாகக் கோத்துவிடுவது. ஒரு பெட்டிக்கு மட்டும் நிறம் வேறு, அகலம் வேறு என்றால் அந்த ஒரு வரியை மட்டும் தனியாகக் கொடுப்பது. மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ரோல், ஆளுக்கு ஒரு நாடா. ஆனால் ஒவ்வோர் அழைப்பாகத் திறந்து, எது பொது, எது தனி என்று பிரிக்க வேண்டும். திங்கள் மாலைக்குள் எண்பத்து நான்கை எடுத்தேன்.

செவ்வாய் காலை, நான் பையைக்கூட வைக்கவில்லை, ஜன்னலோரத்திலிருந்து அக்கா சொன்னாள்:

"இருநூத்தி இருபத்தெட்டு."

"சர்க்கரையா அக்கா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் அக்கறையாக, தினமும் நடக்கச் சொன்னேன், இனிப்பைக் குறைக்கச் சொன்னேன். அன்று எண்பத்தெட்டை எடுத்தேன்.

புதன் காலை: "நூத்தி நாப்பது."

"பாத்தீங்களா, எப்படி இறங்குது! மாத்திரை மாத்தினீங்களா?"

"நான் ஒண்ணும் மாத்தலே," என்றாள் அக்கா. "மாத்தறது வேற யாரோ."

குரல் சரியில்லை என்று நேத்தேகூடத் தலை நிமிர்ந்தார். எனக்கு உறைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எதிராளியின் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். கூட வேலை பார்க்கிறவர்களின் முகம் அந்தப் பாடத்தில் வராது. அன்று இன்னும் வேகமாக வெட்டினேன். நாள் முழுக்க, ஒவ்வொரு தடவை புது ஃபைல் போகும்போதும், காலடியில் அந்த விசிறி எழுந்து மூச்சு விட்டு அடங்கியது. ஒவ்வொரு மூச்சும் முந்தையதைவிடச் சின்னதாக இருந்தது. ஃபைல் சிறுத்தால் வேலையும் சிறுக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்கே நாலைந்து தடவை சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அக்கா என் மேஜைக்கே வந்தாள். கையில், பெட்டியிலேயே பழசான, பட்டன் வைத்த போன். நேத்தே இன்னும் வரவில்லை.

"நாப்பத்தொண்ணு," என்றாள். "திங்கக்கிழமை முந்நூத்திப் பன்னெண்டு இருந்தார். என்ன தம்பி பண்றே அவரை?"

போனை என் முன்னால் வைத்தாள். திரையில் எங்கள் இறுதி ஃபைல், கடைசி வரி. "41. நான்தான்."

"அக்கா, உங்களுக்கு... இது தெரியுமா?"

"எனக்காகத்தானடா வெச்சதே. புது ஃபைல் வந்திருச்சா, பழசையேதான் பாத்துட்டிருக்கேனான்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். கடைசியில ஒரு நம்பர் போடறேன், ஏறியிருந்தா புதுசுன்னு சொன்னார். சரி, நம்பர் போடு, இது என்ன 'நான்தான்'னேன். 'தினமும் காலையில கதவைத் தட்டற மாதிரி ஃபைலைத் திறக்கறே, யாருன்னு கேட்டா பதில் சொல்ல வேணாமா'ன்னார்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதுலேருந்து விளையாட்டா, திறக்கறப்ப 'யாரு'ன்னு கேப்பேன். இப்பவும் கேக்கறேன்."

"இப்பவுமா?"

"அப்படிப் பாக்காதே. எனக்குப் புத்தி பிசகலே. அது எண்ணற சமாச்சாரம்னு தெரியும். ஆனா அவர் போனப்ப அது இருநூத்தித் தொண்ணூத்தி ஆறு. அப்புறம் நேத்தே ஏழெட்டு சேத்தார். நீ வந்தே, நீயும் சேத்தே. ஏறிச்சு தம்பி. அவர் போட்டோ ஏறாது, அவர் சட்டை ஏறாது. இது ஒண்ணுதான் ஏறிட்டே இருந்துச்சு. முந்நூறு ஆன அன்னிக்கு நான் தனியா காபி வாங்கிக் குடிச்சேன், தெரியுமா?"

காலடியில் அந்தக் கணினி சும்மா உறுமிக்கொண்டிருந்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"நேத்து நூத்தி நாப்பது, இன்னிக்கு நாப்பத்தொண்ணு," என்றாள். "ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து மெஷினைப் பாக்கற மாதிரி இருக்கு. அவருக்கு அது வாய்க்கலே. பல் டாக்டர் பெஞ்சுல போனவர். இப்பப் போறார், நான் பாக்க."

"அக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ள முப்பது கே.பி. ஆகலேன்னா படகுத்துறை கை நழுவிடும். அது போனா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அந்தக் கரையில நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சுச் சோதிச்சவ நான். வேலையைச் செய்யாதேன்னு சொல்லலே. அவர் பேச்சை மட்டும் விட்டுடு. வரிகளை எடுத்துக்கோ. அந்த வார்த்தையை விடு."

அது முடியும். மிக்சினிலிருந்து இருபது வரியையும் உருவிவிட்டு, எண்ணையும் வார்த்தையையும் மட்டும் உள்ளே வைத்தால், ஒவ்வோர் அழைப்புக்கும் முப்பத்தாறு பைட்தான். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டுக்கு இடம் இருந்தது.

"எத்தனை?" என்றேன். என் வாய் அப்படி. இடம் இருப்பதை முதலில் சொல்ல அதற்குப் பழக்கமில்லை.

"அம்பது."

"அக்கா!"

"சரி, நாப்பது. இருக்கறதே நாப்பத்தொண்ணு."

"ஒண்ணு."

"என்னடா இது, நாப்பதுக்கு ஒண்ணா? உங்க கடையில இப்படித்தான் வியாபாரமா?"

"எங்க கடையில இன்னும் மோசம்."

அவள் சிரித்தாள். பாதியில் நின்றது. "பத்து."

"ஒண்ணு."

"அஞ்சு. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

"ரெண்டு. கடைசி."

நான் துணிக்குப் பேசியிருக்கிறேன், வாடகைக்குப் பேசியிருக்கிறேன், என் தங்கைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் மூன்று மணி நேரம் பேசி, கல்யாணத்தையே வேண்டாம் என்று அவர்களைச் சொல்ல வைத்திருக்கிறேன். ஒரு செத்த மனிதர் எத்தனை தடவை பேசலாம் என்று அதற்குமுன் பேசியதில்லை. வெட்கமாக இருந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

அக்கா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, ஒண்ணே போதும்," என்றாள்.

நான் இரண்டு சொன்ன பிறகு ஒன்று போதும் என்கிறாள். கொடுக்கிறதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு எழுந்து போகிறவனிடம் எச்சரிக்கையாக இரு, அவன் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது என்பார் அப்பா. நான் எச்சரிக்கையாக இல்லை. ஜெயித்த மகிழ்ச்சியில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேனேஜரம்மா அக்கரையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் படகு எஞ்சின் சத்தம்.

"திறந்துருச்சு! மூணு எண்ணறதுக்குள்ள! தலைக்கு மேல தூக்கவே இல்ல!"

இருபத்தொன்பது புள்ளி ஆறு கே.பி. நேத்தே மூன்று காபி வரவழைத்தார். அவர் சரித்திரத்தில் முதல் முறையாக "நாளைக்கு லீவு எடுத்துக்கோங்க" என்றார். நாளை சனிக்கிழமை என்பது அப்புறம்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

அக்கா கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் தெளிவாக இருந்தது.

"அடுத்த மாசம் புதுப் படகு விடறாங்களாமே," என்றாள். "அதுக்கும் பெட்டி வரும்ல?"

"வரும் அக்கா."

"அப்ப ரெண்டாகும்."

அவளுடைய அந்த வேறு கணக்கு இதுதான். ஒன்று இருந்தால் போதும், ஒன்றிலிருந்து ஏறும். எனக்கு அப்போதும் புரியவில்லை. வேலை நன்றாக வந்த திமிரில் விளக்கம் சொன்னேன்.

"ஆகாது அக்கா. அதுதான் இதுல அழகே. புதுப் பேரை அந்த வரிசையில கோத்துடுவேன், முடிஞ்சுது. மிக்சினைக் கூப்பிடவே வேணாம். நூறு படகு விட்டாலும் ஒண்ணு ஒண்ணுதான்."

"ஓ," என்றாள்.

கோப்பையை என் மேஜையில் வைத்தாள். பாதிக்கு மேல் இருந்தது. திரும்பிப் போய், அந்தப் பட்டன் போனைப் பெட்டிக்குள் குப்புற வைத்தாள்.

அடுத்த வாரம் அக்கா யாரோடும் சண்டை போடவில்லை. இது எவ்வளவு பயங்கரம் என்று அவளோடு வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஒரு கோடு மயிரிழை நகர்ந்ததற்காக இரண்டு நாள் என்னோடு பேசாதவள். இப்போது எதை அனுப்பினாலும் ஐந்து நிமிஷத்தில் "ஓகே". ஒரு பக்கத்தில் கிளம்பும் நேரமும் வந்துசேரும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓகே. நானே வேண்டுமென்று ஒரு பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளி அனுப்பிப் பார்த்தேன். ஓகே.

பதினாலு போன்களையும் தினமும் சார்ஜில் போடுவது அவள் வழக்கம். அது நின்றது. நாளுக்கு மூன்று நாலாக அவை அணைந்தன. சாகும்முன் ஒவ்வொன்றும் ஒரு தடவை கூவும், இசைபோல. வேலை நடுவில் ஜன்னலோரம் அந்தக் கூவல் கேட்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். வியாழக்கிழமைக்குப் பிறகு கூவ ஒன்றும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை நேத்தே என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு காகிதத்தைக் காட்டினார். இந்த மாதக் கடைசியோடு நிற்கிறாளாம்.

"எங்க போறாளாம்?" என்றேன்.

"அவ அக்கா வீட்டுக்குன்னா. அங்க என்ன பண்ணுவேன்னு கேட்டேன், தெரியலேன்னா. நீ ஏதாவது சொன்னியா?"

"வேலையை நல்லாச் செஞ்சேன்," என்றேன். அது உண்மைதான்.

நான் போய் அவள் எதிரில் நின்றேன். "ஏன் அக்கா?"

"இங்க சத்தமே இல்ல தம்பி," என்றாள். கோபம் இருந்திருந்தால் பேசியிருக்கலாம். அதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை கடலில் காற்று அதிகம் என்று மேனேஜரம்மா அவசரமாகக் கூப்பிட்டார். பக்கத்தின் தலையில் ஒரு புது அறிவிப்பு வேண்டும்: "இன்று படகு இல்லை." சிவப்புப் பெட்டி. ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பெயரை வரிசையில் கோத்து, நிறத்துக்கு ஒரு வரி கொடுத்தால் தீர்ந்தது.

கோத்தேன். நிறத்தைக் கொடுத்தேன். அதோடு கையை எடுத்திருக்க வேண்டும்.

முப்பதுக்கு இன்னும் நானூறு பைட் மிச்சம் இருந்தது. முப்பத்தாறால் வகுத்தால் பதினொன்று. வகுத்திருக்கக் கூடாது, வகுத்தபோதுதான், அன்று பத்து கேட்டவளை ஒன்றுக்கு அடித்தவன் நான் என்பது எண்ணாக என் முன்னால் வந்து நின்றது. எதற்கும் உதவாத, எதையும் வரையாத, கூப்பிட்டால் ஒரு வார்த்தை மட்டும் சொல்கிற அந்த மிக்சினை அறிவிப்புப் பெட்டிக்குள் கூப்பிட்டேன். என் தொழிலில் இதைவிடக் கேவலமான வரி கிடையாது. ஃபைலை அனுப்பினேன்.

காலடியில் விசிறி எழுந்தது. இத்தனை சிறிய ஃபைலுக்கு அவ்வளவு மூச்சு தேவையில்லை. ஆனால் நீளமாக எழுந்து, மெதுவாக அடங்கியது.

அக்கா நிமிர்ந்தாள். அந்தச் சத்தத்துக்கு ஒன்பது வருஷம் பழகிய கழுத்து. புது ஃபைல் வந்தால் பார்க்க வேண்டும், அது அவள் வேலை. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைவிட்டு, அடியிலிருந்த பட்டன் போனை எடுத்தாள். செத்துக் கிடந்தது. சார்ஜரில் செருகி, அது உயிர் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் கட்டை விரலால் கீழே, கீழே, கீழே அழுத்தினாள்.

"யாரு?" என்றாள். குரலே இல்லை, உதடு மட்டும்.

பத்தடி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதிய கை என் மேஜைமேல் இருந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து, வெளியே வர இடம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ரெண்டு," என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நேத்தே ஒன்றும் புரியாமல், "என்ன ரெண்டு?" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்கிற பார்வை இல்லை அது. திருடனை அடையாளம் தெரிந்தும் கத்தாமல் இருக்கிறவளின் பார்வை. பிறகு மறுபடி போனுக்குக் குனிந்தாள். புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"தம்பி, கொஞ்சமாவது அறிவிருக்கா உனக்கு?"

"என்ன அக்கா?"

"சின்னத் திரையில உன் பெட்டி ஓரத்தை வெட்டுது. 'இன்று படகு'ன்னு மட்டும்தான் தெரியுது. 'இல்லை'யைக் காணோம். இந்தக் காத்துல அங்க வந்து நிக்கணுமா ஜனங்க?"

எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான். சிவப்பு நிறத்தில், பெரிய எழுத்தில், இன்று படகு.

"நேத்தே சரி பண்ணியிருக்கணும்," என்று தன்னையறியாமல் சொன்னார் நேத்தே. அக்கா அவரையும் ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியிலிருந்து மற்ற போன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சார்ஜரில் செருகத் தொடங்கினாள்.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அகலத்தைத் திருத்த ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எழுதி முடித்தேன். விரல் அங்கே நிற்கவில்லை. நான் சொல்லாமலேயே ஒரு வரி கீழே இறங்கி, மூன்றாவதைக் கூப்பிட்டது.